தமிழ் பேசினால் அபராதம் போட்டால் ஆங்கிலம் வருமா?

வாசகர் கேள்வி: தண்டையார்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 46 பிள்ளைகள். பாடத்திலிருந்து கேள்வி கொடுத்தால் நன்றாக எழுதிவிடுகிறார்கள். எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆங்கிலப் பீரியடில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் வசூலிக்கும்படி தலைமையாசிரியர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, வேறு வழியும் தெரியவில்லை. இலக்கணத்தை முடித்துவிட்டுப் பேச்சுக்குப் போகலாமா? உச்சரிப்பை எப்படித் திருத்துவது? நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். எனக்கே சரளமாக வராதபோது பிள்ளைகளுக்கு எப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அபராதம் வேண்டாம். உங்கள் மனம் ஒப்பாததுதான் சரி. தமிழ் பேசினால் காசு போகும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்குத் தாவாது, வாயை மூடிக்கொள்ளும். பேசாமல் இருந்தால் அபராதம் கிடையாதே! வீட்டில் ஐந்து ரூபாய் கேட்க முடியாத பிள்ளைதான் முதலில் மௌனமாகும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு சேர்த்து மாணவருக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இதையும் பணிவாக நினைவூட்டுங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள் சார், பிள்ளைகளைப் பேச வைத்துக் காட்டுகிறேன்” என்று கேளுங்கள்.

பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். கூச்சம், பயம், வீட்டுச் சூழல் என்று காரணம் சொல்லிவிடுகிறோம். அதே பிள்ளைகளை சாயங்காலம் வியாசர்பாடி மைதானத்தில் பாருங்கள். பந்து எங்கே வர வேண்டும், யார் யாரை மார்க் பண்ண வேண்டும் என்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்துவார்கள். காசிமேட்டு மீன் ஏலத்தில் அம்மாவோடு நிற்கும் பெண் பெரியவர்களிடம் விலை பேசுவாள். பேச்சில் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் கிடையாது.

வகுப்பில் நடப்பது வேறு. “வாட் இஸ் தி நேம் ஆஃப் தி போயட்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். விடை உங்களுக்குத் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை சொல்வதால் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. சொல்வதில் தப்பு வந்தால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் பெரியவர்களே வாயைத் திறக்கமாட்டார்கள்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் உண்டு, அதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. இவர்கள் பேசும் தமிழையே பள்ளியில் கேலி செய்திருக்கிறோம். “இன்னா மிஸ்”, “வந்துகினு இருந்தேன் சார்” என்றால் சிரிப்பு, சில ஆசிரியர்களிடம் அதட்டல். அந்தத் தமிழுக்கே தலைகுனிந்து பழகிய பிள்ளையிடம் ஆங்கிலத்தில் தைரியமாகப் பேசு என்கிறோம். என் அனுபவத்தில், ஊர்ப் பேச்சை மதிக்கிற ஆசிரியரின் வகுப்பில்தான் ஆங்கிலமும் சீக்கிரம் வாயில் வருகிறது. ஆகவே முதல் வேலையாக, அந்தத் தமிழைத் திருத்துவதை ஆங்கிலப் பீரியடில் அடியோடு விட்டுவிடுங்கள். என்ன பேசுவது, எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் கலந்து பேசட்டும். பேசி முடித்து, சொல்லும்போது ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

அடுத்தது நேரம். நாற்பது நிமிடப் பீரியடில் பாதியை நீங்கள் பேசினால் மிச்சம் இருபது நிமிடம், அதாவது 1200 நொடி. 46 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 26 நொடி. அதிலும் முன் பெஞ்சுப் பிள்ளைகள் நான்கைந்து பேர்தான் பேசுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதே வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து பத்து நிமிடம் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் வரை கிடைக்கும். பேச்சு பேசிப் பேசித்தான் வரும். பெஞ்சை நகர்த்த இடமில்லை என்றால் கவலை வேண்டாம். ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சில் இருப்பவர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் ஜோடி கிடைத்துவிடும்.

ஜோடியாக உட்கார வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது, கேட்டால்தான் வேலை முடியும் என்று இருக்க வேண்டும். இது புதிய யோசனை கிடையாது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கில மொழிக் கல்வியாளர் தென்னிந்தியப் பள்ளிகளில், நம் சென்னை உட்பட, இதை நடத்திப் பார்த்தார். பெங்களூர் திட்டம் என்ற பெயரில் உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, மொழியை மறந்து விடையில் மூழ்கும்படி செய்தார். முதலில் அதே மாதிரி ஒரு கணக்கை வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து வாய்விட்டுப் போடும். பிறகு பிள்ளைகள் தாங்களாக இன்னொன்றைப் போடுவார்கள். வெளிநாட்டு வகுப்பறையைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. நம்மைப் போன்ற வகுப்பறைகளில், நம் பிள்ளைகளை வைத்தே செய்து பார்த்த முறை இது.

உங்களுக்கு ஏற்ற ஒன்றைச் சொல்கிறேன். அரைத்தாளில் மீன் விலைப் பட்டியல் இரண்டு தயாரியுங்கள். முதல் தாளில் வஞ்சிரத்துக்கும் நெத்திலிக்கும் விலை இருக்கும், சங்கராவுக்கும் இறாலுக்கும் கோடு மட்டும். இரண்டாவது தாளில் அப்படியே மாறி இருக்கும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. “ஹவ் மச் இஸ் சங்கரா?”, “இட் இஸ் த்ரீ ஹண்ட்ரட் ருப்பீஸ் எ கிலோ” என்ற இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து சில தடவை சொல்ல வையுங்கள். மீன் பெயரெல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். வஞ்சிரத்துக்கு ஆங்கிலப் பெயர் தேடிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுவிடும். விலை நிரம்பியதும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்: கையில் ஐந்நூறு ரூபாய், வீட்டில் ஆறு பேர், எதை எவ்வளவு வாங்குவீர்கள், ஏன்? இரண்டு பேரும் பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும். இங்கேதான் “பிகாஸ்” வரும், “பட்” வரும், “நோ, டூ காஸ்ட்லி” வரும்.

ராயபுரம் பக்கம் ஒரு வகுப்பில் ஜூன் மாதத் தொடக்கத்தில் இந்தத் தாளை வைத்துப் பிள்ளைகள் பேசியதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். “மிஸ், திஸ் ரேட் ராங். பேன் டைம், மோர் ரேட்” என்றான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்து குறையும், விலை ஏறும். ஆசிரியை போட்ட விலை அந்த மாதத்து விலை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆசிரியை அவன் இலக்கணத்தைத் தொடவே இல்லை. “ரியலி? ஹவ் மச் மோர்?” என்று கேட்டார். “வஞ்சிரம், டூ ஹண்ட்ரட் மோர். மை மதர் செல்லிங்” என்றான். வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. சங்கரா ஏறாது என்று ஒருத்தி மறுத்தாள், ஏறும் என்று அவன் சாதித்தான், இரண்டு பேருமே ஆங்கிலத்தில். அதற்கு முன்னால் அவன் அந்த வகுப்பில் பேசிக் கேட்டதே இல்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது, பேசினான்.

பீரியடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கரும்பலகையில் மூன்று வாக்கியங்கள் எழுதினார். யார் சொன்னது என்று பெயர் போடவில்லை. “மை மதர் செல்லிங் ஃபிஷ்” என்பது அதில் ஒன்று. “என்ன விட்டுப்போச்சு?” என்று கேட்டார். பிள்ளைகளே கண்டுபிடித்து “மை மதர் செல்ஸ் ஃபிஷ்” என்று திருத்தினார்கள். உங்கள் இலக்கணக் கேள்விக்கு இதுவே என் பதில். இலக்கணத்தை முடித்துவிட்டுப் பேச்சு என்றால் அந்த நாள் வரவே வராது. மூன்றாம் வகுப்பிலிருந்து டென்ஸ் படிக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. பேசட்டும். பேச்சில் எது இடறுகிறதோ அதையே அன்றைய இலக்கணமாக எடுங்கள். பிரபு இலக்கணத்தை நேரடியாகச் சொல்லித்தருவதை அறவே தவிர்த்தார். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். நம் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் கேட்பது குறைவு, கடைசி ஐந்து நிமிடத் திருத்தம் அவர்களுக்கு அவசியம் என்பது என் கருத்து.

ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். பலர் செய்வது என்னவென்றால், பிள்ளை தப்பாகச் சொன்னதைத் தாங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1997-இல் லிஸ்டர், ராண்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடக்கும் தொடக்கநிலை வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் மிக அதிகம் கையாண்ட திருத்த முறை இதுதான், மாணவர்கள் தாங்களே திருத்திக்கொள்வது இதில்தான் மிகக் குறைவு. பிள்ளைக்கு அது திருத்தம் என்றே தெரிவதில்லை, டீச்சர் ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. “என்ன? இன்னொரு தடவை சொல்லு” என்று நிறுத்தினாலோ, வாக்கியத்தைத் தொடங்கிக் கொடுத்துப் பாதியில் விட்டாலோ தானாகவே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

காத்திருக்கவும் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவரவர் மொழியிலேயே நிலைமை இது என்றால், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு இன்னும் நேரம் வேண்டாமா? கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி முதலில் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

உச்சரிப்புக்கு வருகிறேன். எல்லாவற்றையும் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது. கேட்பவருக்குப் புரியாமல் போவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் வரிசையில் முதலில் வருவது சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே கனத்தில் வரும். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தி மற்றதைத் தேய்த்துவிடுவார்கள். ஹோட்டல், டெவலப் இரண்டிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் ஃபோட்டோகிராஃபர் என்றதும் இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்ல வையுங்கள், கானா கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து, சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரம்: பஸ்ஸு, புக்கு, போட்டு. அதற்கடுத்து பகரமும் ஃபகரமும். ஃபேன் என்பது பேன் ஆனால் சமையல் பாத்திரம் ஆகிவிடும். கீழுதட்டை மேல்பல்லால் லேசாகத் தொட்டு ஊதச் சொன்னால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

‘இஸ்கூல்’ என்பதைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம், யாருக்கும் புரியாமல் போகாது. மெல்ல மெல்ல மறையும். ஷிப், ஷீப் போன்ற குறில் நெடில் வேறுபாட்டில் நம் பிள்ளைகள் பல நாட்டவரை விடக் கெட்டிக்காரர்கள், தமிழே அதைக் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். லண்டன் உச்சரிப்பு நம் இலக்கு இல்லை. நாளைக்கு துறைமுகத்திலோ கால் சென்டரிலோ எதிரில் இருப்பவர் கேரளாக்காரராகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ இருப்பார். அவருக்குப் புரிந்தால் போதும்.

சில வாக்கியங்களை மட்டும் மனப்பாடமாகவே கொடுத்துவிடுங்கள், அதில் தவறே இல்லை. “ஒன்ஸ் மோர், ப்ளீஸ்”, “ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்”, “வாட் டு யூ மீன்?”, “கிவ் மீ எ மினிட்”, “ஐ டோண்ட் அக்ரீ”. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திக்கி நிற்கும்போது பிள்ளையின் கண் அங்கே போகும். வகுப்பில் வேண்டியதைக் கேட்கவும் இவற்றையே பயன்படுத்தட்டும்.

இனி உங்களைப் பற்றி. தமிழ் வழியில் படித்த ஆசிரியர் என்பது குறை என்று நினைக்கிறீர்கள். எந்த இடத்தில் நாக்கு தடுக்கும், எங்கே வெட்கம் பிடுங்கித் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியும். கான்வென்ட் ஆங்கிலத்தோடு வந்தவருக்கு அது தெரியாது. உங்களுக்கு வேண்டியது மேடைச் சரளம் இல்லை, வகுப்பு நடத்தும் ஆங்கிலம். “டர்ன் டு யுவர் பார்ட்னர்”, “யூ ஹேவ் ஃபைவ் மினிட்ஸ்”, “டோண்ட் ஷோ யுவர் பேப்பர்” என்று திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது வாக்கியங்கள்தான். அவற்றை எழுதிவைத்து வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை வகுப்பில் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் குரல்பதிவு செய்து தனியாகக் கேளுங்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், பிள்ளைகள் எவ்வளவு நேரம் என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். தெரியாத சொல் வந்தால் “லெட் அஸ் செக்” என்று அவர்கள் கண் முன்னாலேயே அகராதியைப் பாருங்கள். தெரியாததைத் தேடுவது எப்படி என்பதையும் அவர்கள் பார்த்துப் பழகட்டும். பக்கத்துப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவரோடு வாரம் ஒரு நாள் போனில் பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசுவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போது அதையும் மீறிப் பிள்ளைகள் கத்துவார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் பீரியடைத் தேர்ந்தெடுங்கள். கையைத் தூக்கினால் எல்லாரும் நிறுத்தி, தாங்களும் கையைத் தூக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். வாரத்தில் இரண்டு பீரியடு போதும், மற்ற நாட்களில் பாடம் வழக்கம்போல் நடக்கட்டும். பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுதான் காத்திருக்கிறது என்பதை நானும் மறக்கவில்லை. பேசிப் பழகிய வாக்கியம் எழுதும்போதும் கை கொடுக்கும்.

தேர்வில் இல்லாததைப் பிள்ளைகளும் பெற்றோரும் பொருட்டாக நினைக்கமாட்டார்கள், அதனால் நீங்களே ஒரு கணக்கு வையுங்கள். மற்றவர்கள் ஜோடியாகப் பேசும்போது ஒரு பீரியடுக்கு ஐந்து பேரை மட்டும் பக்கத்தில் நின்று கேளுங்கள். சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா, புரியாதபோது திருப்பிக் கேட்டாரா, முன்பைவிட நீளமாகப் பேசினாரா என்று மூன்றே கட்டங்கள், நோட்டில் ஒரு டிக். ஐந்து வாரத்தில் 46 பேரையும் ஒரு சுற்று கேட்டுவிடலாம். இலக்கணப் பிழைக்கு இந்த நோட்டில் இடமே கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் காட்டுவதற்கும் அந்த நோட்டுதான் உங்கள் கையிலிருக்கும் சான்று.

பெற்றோர் கூட்டத்தில் “எம் பொண்ணு இங்கிலீஷ்ல பேசுறாளா டீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பேச்சுப்போட்டி உரையை ஒப்பிக்க வைக்காதீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்பின் பார்த்திராத விலைத்தாளை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். விலையில் சந்தேகம் வந்தால், பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடமே கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் கூட்டத்துக்குச் சொல்லட்டும்.